மக்கர் செய்யும் கேமரா: அறிகுறியிலிருந்து கோளாறுக்கு

"கேமரா வேலை செய்யவில்லை" என்று சொல்லி யாராவது என் கையில் ஒன்றைத் திணித்தால், நான் முதலில் கேட்பது, "இதில் ஏற்கெனவே எடுத்த படங்கள் தெரிகின்றனவா?" என்றுதான். கொண்டுவந்தவருக்கு அது சம்பந்தமில்லாத கேள்வியாகப் படும். ஆனால் அந்த ஒரு பதிலிலேயே பாதி விசாரணை முடிந்துவிடும். பழைய படங்கள் திரையில் பளிச்சென்று தெரிந்தால் பேட்டரி, கார்டு, திரை மூன்றும் பெரும்பாலும் நலம். கோளாறு லென்ஸ், ஷட்டர் (வெளிச்சத்துக்குத் திறந்து மூடும் தகடுகள்), சென்சார் (படம் விழும் சில்லு) இருக்கும் பக்கத்தில் இருக்கிறது. பழைய படமும் கோடு கோடாகத் தெரிந்து, அதே படம் கணினியில் நன்றாக இருந்தால் திரைதான் குற்றவாளி. கேமரா உயிர்பெறவே இல்லையென்றால் மின்சாரம் வரும் பாதையைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பேட்டரி, கார்டு, லென்ஸ் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டுக் கேமரா ஓடத் தொடங்கினால், எது பழுது என்பது கடைசிவரை தெரியாது. அடுத்த வாரம் அதே கோளாறு திரும்பி வரும்.

உங்கள் கேமரா காட்டும் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். ஃபிளாஷ் பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

பட்டனை அழுத்தினால் எந்த அசைவும் இல்லை

பேட்டரியில் தொடங்குவோம். "நேற்றுதான் சார்ஜ் போட்டேன்" என்ற வாக்குமூலத்தை நான் அப்படியே ஏற்பதில்லை. சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது என்பதற்குச் சார்ஜர் திருப்தியடைந்தது என்பது மட்டுமே பொருள். வயதான லித்தியம் பேட்டரி அரை மணியிலேயே "நிறைந்துவிட்டது" என்று சொல்லும். கேமராவில் போட்டதும் இரண்டு படத்தில் கையை விரிக்கும்.

வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். பேட்டரியின் மேல் 7.2 அல்லது 7.4 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் உள்ளே இரண்டு செல்கள் இருக்கின்றன. முழு சார்ஜில் 8.4 வோல்ட்டுக்கு அருகில் காட்ட வேண்டும். 3.6 அல்லது 3.7 என்றிருந்தால் ஒரே செல், 4.2-க்கு அருகில் வர வேண்டும். அளவு சரியாக இருப்பதாலேயே பேட்டரி நல்லது என்று முடிவு கட்டிவிட முடியாது. சுமை ஏறாத வரை கிழட்டுப் பேட்டரியும் நல்ல எண்ணைத்தான் காட்டும். ஆனால் எண் மிகக் குறைவாக இருந்தால் சந்தேகமே இல்லை, பேட்டரி போய்விட்டது. அது உப்பியிருந்தால் அளக்கவே வேண்டாம். அழுத்தி உள்ளே தள்ளாமல், குத்திப் பார்க்காமல், தனியே வைத்து மின்கழிவு வாங்குமிடத்தில் சேர்த்துவிடுங்கள்.

பென்சில் செல் போடும் கேமராக்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. கேமரா கேட்பது சில நொடிகளுக்குப் பெரிய மின்னோட்டம். லென்ஸ் நீளும்போதும் ஃபிளாஷ் சார்ஜ் ஏறும்போதும் சாதாரண செல்லின் மின்னழுத்தம் சரிந்துவிடும். கேமரா அதைப் பார்த்துப் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அணைந்துகொள்ளும். கேமராவில் செத்துப்போன அதே செல் சுவர்க் கடிகாரத்தில் மாதக்கணக்கில் ஓடும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை ரீசார்ஜ் செல்களைப் போடுங்கள். அவற்றின் மின்னழுத்தம் 1.2 வோல்ட்தான், ஆல்கலைன் செல்லின் 1.5-ஐவிடக் குறைவு, ஆனால் சுமையில் துவளாது. சில கேமராக்களின் மெனுவில் செல் எந்த வகை என்று சொல்ல ஒரு தேர்வு இருக்கும். அதையும் மாற்றினால்தான் பேட்டரி அளவு சரியாகத் தெரியும்.

அடுத்து, தொடுமுனைகள். பேட்டரியின் தங்க நிறத் தகடுகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு மங்கி, விரல் ரேகை படிந்த பழுப்பு நிறம் தெரிந்தால் பென்சில் அழிக்கும் ரப்பரால் நான்கு முறை தேய்த்து, ரப்பர் துகளை ஊதித் தள்ளுங்கள். பேட்டரி அறைக்குள் இருக்கும் ஊசிகளைப் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கலாம். ஆல்கலைன் செல்லை உள்ளேயே மறந்துவிட்டு, அது கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால், முதலில் வினிகரில் லேசாக நனைத்த பஞ்சு, பிறகு ஆல்கஹால். நனைத்த என்றால் ஈரம் என்று பொருள், சொட்டு அல்ல.

இவை எல்லாம் சரியாக இருந்தும் உயிர் வரவில்லையென்றால் பேட்டரிக் கதவைப் பாருங்கள். பலருக்கு இது தெரியாது. பல கேமராக்களில் அந்தக் கதவின் உள்விளிம்பில் அரிசி முனையளவு ஒரு பிளாஸ்டிக் முளை இருக்கும். கதவு மூடும்போது அது உள்ளே ஒரு நுண்சுவிட்சை அழுத்தும். சுவிட்ச் அழுந்தினால்தான் மின்சாரம் போகும். ஒருமுறை என்னிடம் வந்த சிறிய கேமராவுக்கு இரண்டு புதுப் பேட்டரிகள் வாங்கிப் பார்த்துவிட்டு, "உள்ளே போர்டு போயிருக்கும்" என்று தீர்ப்பும் எழுதிவிட்டிருந்தார்கள். கதவை விளக்கடியில் பிடித்துப் பார்த்தபோது முளை இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் இருந்தது. பல் குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் உள்ளிருந்த சுவிட்சை மெல்ல அழுத்திக்கொண்டு பவர் பட்டனைத் தொட்டேன். லென்ஸ் "விர்ர்" என்று வெளியே வந்தது. கதவை மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது. கார்டு அறையின் கதவிலும் இப்படியொரு முளை இருக்கக்கூடும்.

லென்ஸ் பாதியில் நின்றுவிட்டது, திரையில் லென்ஸ் பிழை என்கிறது

நீண்டு சுருங்கும் லென்ஸ் உள்ள சிறிய கேமராக்களின் பரம்பரை வியாதி இது. காரணங்களை இந்த வரிசையில் சந்தேகிக்கிறேன்: பேட்டரி பலவீனம், குழல்களுக்கிடையே மணல், வெளியே நீண்டிருக்கும்போது கீழே விழுந்தது, லென்ஸ் மூடியே இருக்கும் நிலையில் பைக்குள் பவர் பட்டன் அழுந்தியது. கடைசியில் சொன்னதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இறுக்கமான பையில் கேமரா தானாக ஆன் ஆகி, லென்ஸ் நீள முயன்று, இடமில்லாமல் மோட்டார் திணறி, பல்சக்கரம் ஒன்றின் பல் தேய்ந்துவிடும்.

முழு சார்ஜ் ஏறிய பேட்டரியைப் போட்டுப் பாருங்கள். அதிலும் நின்றால் கேமராவை லென்ஸ் தரையை நோக்கும்படி பிடித்து, குழல்களின் இடுக்கில் ரப்பர் ஊதியால் சுற்றிச் சுற்றி ஊதுங்கள். மணல் கீழே விழட்டும். மெல்லிய காகித விளிம்பை இடுக்கில் விட்டு ஒரு சுற்று ஓட்டினால் சிக்கிய துகள் வெளியே வரும். எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் மணலைச் சேறாக்கும். அது கண்ணாடி வரை ஊர்ந்துவிடும்.

அடுத்து, லென்ஸை நகர்த்தாத ஒரு வழி. கேமராவின் படம் பார்க்கும் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் பல கேமராக்கள் லென்ஸை அசைக்காமல் திறக்கும். படங்கள் தெரிந்தால், குறைந்தபட்சம் உள்நினைவில் இருப்பதையாவது காப்பாற்றிவிடலாம்.

குழல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது கண்ணுக்கே தெரிந்தால், அணைத்த நிலையில் விரல்களால் மெல்ல நேராக்கிப் பார்க்கலாம். "டிக்" என்று ஓர் ஓசையுடன் தன் தடத்தில் அமர்ந்து கேமரா பிழைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். முறிந்ததையும் பார்த்திருக்கிறேன். எப்படியும் தூக்கிப் போடப்போகிற கேமராவுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். மேசையில் தட்டும் வைத்தியத்தை எந்தக் கேமராவுக்கும் நான் சொல்ல மாட்டேன்.

லென்ஸ் கழற்றக்கூடிய கேமராவில் லென்ஸ் பிழை வந்தால் விஷயம் எளிது. லென்ஸின் பின்புறம் வரிசையாக இருக்கும் பொன்முனைகளில் அழுக்கு சேர்ந்து, கேமராவும் லென்ஸும் பேசிக்கொள்ள முடியாமல் போயிருக்கும். கேனன் எஸ்எல்ஆர்களில் (லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்த கண்ணாடி உள்ள கேமராக்கள்) பிழை எண் 01 என்று வருவது இதுதான். பேட்டரியைக் கழற்றி, உலர்ந்த மென்துணியால் இருபக்க முனைகளையும் துடைத்து மீண்டும் மாட்டுங்கள். வேறொரு லென்ஸ் மாட்டினால் பிழை மறைகிறது என்றால் உடலில் குற்றமில்லை. நிகான் எஸ்எல்ஆரில் "எஃப் இ இ" என்று மின்னினால் பழுதே இல்லை. பழைய லென்ஸின் துவார வளையம் (வெளிச்சம் நுழையும் துளையின் அளவை மாற்றும் வளையம்) மிகச் சிறிய துவாரத்தில், அதாவது மிகப் பெரிய எண்ணில், பூட்டப்படவில்லை என்று பொருள். வளையத்தைத் திருப்பிப் பூட்டினால் போய்விடும்.

திரை கறுத்துவிட்டது, ஆனால் "கிளிக்" சத்தம் கேட்கிறது

வியூஃபைண்டரில் கண் வைத்தால் திரை தானாக அணையும் கேமராக்களில், வியூஃபைண்டருக்கு அருகே ஒரு சின்னக் கறுப்பு ஜன்னல் இருக்கும். கண் அருகே வந்ததை அறியும் சென்சார் அது. அதன் மேல் தூசியோ முகத்து எண்ணெயோ தோள்பட்டியின் மடிப்போ இருந்தால், ஒரு கண் எப்போதும் பார்த்துக்கொண்டே இருப்பதாகக் கேமரா நம்பும். திரை கறுத்தே கிடக்கும். என் சொந்தக் கேமராவில் இது நேர்ந்தபோது ஒரு மாலை முழுவதும் மெனுவைத் தேடினேன். அதுவும் வியூஃபைண்டருக்குள் ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு. கடைசியில் தோள்பட்டியை நகர்த்தியதும் திரை எரிந்தது. துடைத்துப் பாருங்கள், அதற்குப் பிறகு திரை எந்த வழியில் மாற வேண்டும் என்ற மெனுத் தேர்வைப் பாருங்கள்.

திரையின் பின்விளக்கு போயிருந்தால் வேறு அடையாளம் இருக்கும். இருட்டில் டார்ச்சைச் சாய்வாக அடித்தால் மெனு எழுத்துகள் நிழல்போலத் தெரியும். மடித்துத் திருப்பும் திரையில் ஒரு கோணத்தில் படம் வந்து மறு கோணத்தில் போனால் கீலுக்குள் ஓடும் நாடாக் கம்பி நைந்திருக்கிறது. இவை இரண்டும் வீட்டு வேலை அல்ல.

கார்டைப் படிக்க மறுக்கிறது

எஸ்டி கார்டின் இடது விளிம்பில் ஒரு குட்டிப் பூட்டு உண்டு. உள்ளே செருகும்போது அது நழுவிக் கீழே இறங்கியிருந்தால் "கார்டு பூட்டப்பட்டுள்ளது" என்று கேமரா சொல்லும். நழுவிக்கொண்டே இருக்கும் பூட்டு உள்ள கார்டை ஓய்வுக்கு அனுப்பிவிடுங்கள்.

கார்டு புதிது, கேமரா பழையது என்றால் கொள்ளளவைப் பாருங்கள். 32 ஜிபி வரை உள்ள எஸ்டிஎச்சி வகை 2006-இல் வந்தது. அதற்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி 2009-இல். அவற்றுக்கு முந்தைய கேமராக்களுக்கு அந்தக் கார்டுகள் வெறும் பிளாஸ்டிக். 2 ஜிபிக்கு மேல் ஏற்காத கேமராவுக்கு 64 ஜிபி கார்டு வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேமரா கெட்டுவிட்டதாக வருந்துகிறவர்கள் உண்டு.

நேற்றுவரை ஓடிய கார்டு இன்று பிழை காட்டினால், கேமரா "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். உடனே சரி என்று அழுத்திவிடாதீர்கள். கார்டை எடுத்து, கார்டு ரீடரில் மாட்டிக் கணினியில் பாருங்கள். கணினிக்குத் தெரிந்தால் எல்லாவற்றையும் நகலெடுங்கள். தெரியவில்லையென்றால் ஃபோட்டோரெக் போன்ற இலவச மீட்பு மென்பொருளை ஓட்டி, கிடைப்பதை வேறு வட்டில் சேமியுங்கள். அதே கார்டில் அல்ல. மீட்க வேண்டிய கார்டில் ஒரு படம்கூடப் புதிதாக எடுக்கக் கூடாது. அழிந்ததாகத் தோன்றும் படத்தின் இடத்தில்தான் புதுப் படம் போய் உட்காரும். மீட்டு முடித்த பிறகு கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

எந்தக் கார்டைப் போட்டாலும் பிழை என்றால் கார்டு அறைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு பயன்படுத்தும் கேமராவில் வரிசையாக 50 ஊசிகள் இருக்கும். ஒன்று வளைந்திருந்தாலும் போதும்.

வீடியோ சில நொடிகளில் தானாக நின்றால் கார்டின் வேகம் போதவில்லை. 10-ஆம் வகுப்பு, வி30 என்ற குறிகள் முறையே நொடிக்குக் குறைந்தது 10, 30 மெகாபைட் எழுதும் என்ற உறுதி. அதுவே சரியாக 29 நிமிடம் 59 நொடியில் நின்றால் கோளாறு இல்லை. அரை மணியும் அதற்கு மேலும் தொடர்ந்து பதிவு செய்யும் கருவியை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கேமராவாகக் கருதிக் கூடுதல் சுங்கம் விதித்ததால், தயாரிப்பாளர்கள் போட்ட வேலி அது.

அரிதாக ஒன்று: கார்டில் இடம் இருக்கும்போதே "கோப்புறையை உருவாக்க முடியவில்லை" என்று வரும். கேமராக்கள் கோப்புறைகளுக்கு 100 முதல் 999 வரையும் படங்களுக்கு 0001 முதல் 9999 வரையும்தான் எண் கொடுக்கும். இரண்டும் உச்சத்தைத் தொட்டால் ஷட்டர் இயங்காது. படங்களை நகலெடுத்து, ஃபார்மட் செய்து, மெனுவில் கோப்பு எண்ணை மீட்டமையுங்கள்.

படம் கறுப்பு, வெள்ளை, ஊதா, அல்லது பட்டை பட்டையாக

லென்ஸ் மூடியைக் கழற்றினீர்களா என்று கேட்க எனக்கும் கூச்சம்தான், ஆனாலும் கேட்டுவிடுகிறேன். அடுத்தது அமைப்புகள். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் ஈடு மைனஸ் 3-இல் கிடக்கலாம். எல்லாவற்றையும் நாமே அமைக்கும் எம் நிலையில் பழைய ஷட்டர் வேகமே நிற்கலாம். வெள்ளைச் சமநிலை குண்டு பல்புக்கு வைக்கப்பட்டிருந்தால் பகல் படமெல்லாம் நீலமாக இருக்கும். மெனுவில் "எல்லா அமைப்புகளையும் மீட்டமை" என்பதை ஒருமுறை அழுத்துவது, பத்து அமைப்புகளைச் சந்தேகிப்பதைவிட விரைவு.

மீட்டமைத்தும் எல்லாம் கறுப்பு என்றால் ஷட்டரைப் பார்க்க வேண்டும். லென்ஸைக் கழற்றி, ஒரு நொடி வேகம் வைத்து அழுத்தி, முன்னாலிருந்து உள்ளே பாருங்கள். எஸ்எல்ஆர் என்றால் கண்ணாடி மேலே போகிறதா, அதன் பின்னால் ஷட்டர் திரை விலகிப் பளபளப்பான சென்சார் ஒரு நொடி தெரிகிறதா? தெரியவில்லையென்றால் ஷட்டர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தத் தகடுகள் காகிதத்தைவிட மெல்லியவை. விரல் படவே கூடாது.

படத்தின் ஒரு விளிம்பு மட்டும் கறுப்புப் பட்டையாக இருந்தால் இரண்டு வாய்ப்புகள். ஃபிளாஷுடன் எடுத்த படம் என்றால், ஷட்டர் வேகம் ஒத்திசைவு எல்லையைத் தாண்டியிருக்கும். அந்த எல்லை பெரும்பாலான கேமராக்களில் 1/160 முதல் 1/250 வரை. அதற்குக் கீழே இறக்கினால் பட்டை போய்விடும். ஃபிளாஷ் இல்லாமலே, பகல் வெளிச்சத்தில் 1/2000, 1/4000 போன்ற வேகங்களில் மட்டும் பட்டை வந்தால் ஷட்டர் திரைகளில் ஒன்று மற்றொன்றுக்கு ஈடுகொடுக்கவில்லை. வெள்ளைச் சுவரை 1/60-இல் தொடங்கி ஒவ்வொரு படியாக வேகத்தை ஏற்றி எடுத்துப் பாருங்கள். எந்தப் படியில் நிழல் விழத் தொடங்குகிறது என்பது துல்லியமாகத் தெரியும்.

விளக்கொளியில் மட்டும் மங்கலான பட்டைகள் வருவது விளக்கின் சிமிட்டல். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை கண் சிமிட்டும், 60 ஹெர்ட்ஸில் 120 முறை. முதலாவதற்கு 1/50 அல்லது 1/100, இரண்டாவதற்கு 1/60 அல்லது 1/125 வேகம் வைத்தால் அடங்கும்.

பெரிய துவாரத்தில் சரியாக வரும் படம் எஃப் 16 போன்ற சிறிய துவாரத்தில் மட்டும் வெளுத்துப் போனால் லென்ஸின் துவாரத் தகடுகளைச் சந்தேகியுங்கள். அவற்றில் எண்ணெய் கசிந்து ஒட்டினால் சுருங்க வேண்டிய நேரத்தில் சுருங்காது. லென்ஸின் முகத்தைப் பார்த்தபடி எஃப் 16-இல் ஒரு நொடிப் படம் எடுங்கள். தகடுகள் சட்டென்று சுருங்க வேண்டும். சோம்பேறித்தனமாக நகர்ந்தால் அதுதான்.

ஊதா நிறம், நெளிந்த கோடுகள், அல்லது முற்றிலும் வெறுமை, ஆனால் பழைய படங்கள் எல்லாம் நலம் என்றால் சென்சார் போயிற்று. இதற்கு ஒரு வரலாறே உண்டு. 2005-இல், சோனி தயாரித்த ஒரு வகை சிசிடி சென்சாரில், உள்ளே இருந்த நுண்கம்பி இணைப்புகள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் விட்டுப்போவது தெரியவந்தது. அந்த சென்சாரை வாங்கிப் பொருத்தியிருந்த கேனன், நிகான் உட்படப் பல நிறுவனங்களின் கேமராக்களில் ஒரே மாதிரி ஊதா வியாதி வந்தது. நிறுவனங்கள் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தன. அந்தக் காலத்துச் சிறிய கேமரா ஒன்று அலமாரியிலிருந்து எழுந்து ஊதாப் படம் காட்டினால், நீங்கள் செய்த தவறு எதுவும் இல்லை.

படம் மங்கல்

முதலில், மங்கல் எப்படிப்பட்டது என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விளக்குப் புள்ளிகள் கோடாக நீண்டிருந்தால் கை ஆடியிருக்கிறது, வேகத்தை ஏற்றுங்கள். ஏதோ ஓரிடம் கூர்மையாகவும் நீங்கள் விரும்பிய இடம் மங்கலாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது. படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளிறியிருந்தால் லென்ஸ் அழுக்கு. விரல் ரேகை ஒன்று போதும், எதிர் வெளிச்சத்தில் படம் பனிமூட்டமாகிவிடும்.

ஃபோகஸ் ஆகவே மாட்டேன் என்றால் லென்ஸின் பக்கவாட்டில் உள்ள ஏஎஃப்/எம்எஃப் (தானாக ஃபோகஸ்/கையால் ஃபோகஸ்) சுவிட்சைப் பாருங்கள். பையில் வைக்கும்போது தள்ளுப்படும் சுவிட்ச் அது. பிறகு தூரம். ஒவ்வொரு லென்ஸுக்கும் மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் ஒன்று உண்டு. அதற்குள் போய் நின்றால் மோட்டார் முன்னும் பின்னும் ஓடித் தவிக்கும். வெறும் வெள்ளைச் சுவரைக் காட்டினாலும் அதே தவிப்பு, ஏனென்றால் பிடித்துக்கொள்ள அங்கே ஒரு விளிம்புகூட இல்லை.

வியூஃபைண்டரில் மங்கல், ஆனால் எடுத்த படம் கூர்மை என்றால், வியூஃபைண்டர் அருகே உள்ள சின்னச் சக்கரம் நகர்ந்திருக்கிறது. உள்ளே தெரியும் எண்கள் கூர்மையாகும் வரை அதைத் திருகுங்கள். மூக்குக் கண்ணாடி மாற்றியவர்களுக்கு இது அடிக்கடி நேரும்.

எப்போதும் சற்று முன்னாலோ பின்னாலோ ஃபோகஸ் விழுகிறது என்ற சந்தேகம் எஸ்எல்ஆர்காரர்களுக்கு வரும். ஓர் அளவுகோலை மேசையில் வைத்து, முக்காலியில் நிறுத்திய கேமராவால் 45 பாகை சாய்வில் நடுக் கோட்டைக் குறிவைத்து, துவாரத்தை முழுதாகத் திறந்து எடுங்கள். ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு. ஐந்திலும் ஒரே பக்கம் தள்ளி விழுந்தால் மட்டுமே அது கோளாறு. நுண்திருத்தத் தேர்வு உள்ள கேமராவில் நீங்களே ஈடுகட்டலாம். இங்கொன்றும் அங்கொன்றுமாக விழுந்தால் அது உங்கள் கையோ வெளிச்சமோ.

எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் புள்ளி

வியூஃபைண்டரில் தெரிந்து படத்தில் வராத புள்ளியைக் கண்டுகொள்ளாதீர்கள். அது உள்திரையின் தூசி. படத்தில் வரும் புள்ளிதான் பிரச்சினை. எஃப் 16 அல்லது 22 வைத்து, ஃபோகஸைக் கலைத்து, தெளிந்த வானத்தையோ வெள்ளைக் காகிதத்தையோ எடுங்கள். மென்மையான விளிம்புள்ள சாம்பல் நிற வட்டங்கள் சென்சார் மேல் உள்ள தூசிகள். லென்ஸ் முகப்பில் ஒட்டிய தூசி இப்படித் தனி வட்டமாகத் தெரியாது.

தூசி எங்கே இருக்கிறது என்று தேடும்போது ஒரு தந்திரம்: சென்சாரில் உருவம் தலைகீழாக விழுகிறது. கேமராவை நிமிர்த்தி, முன்னாலிருந்து சென்சாரைப் பார்த்தால் மேல்-கீழ் மட்டும் மாறியிருக்கும். படத்தில் இடது மேல் மூலையில் தெரிந்த புள்ளி, உங்கள் கண்ணுக்கு இடது கீழ் மூலையில் இருக்கும்.

முழு சார்ஜ் பேட்டரியைப் போட்டு, மெனுவில் கையால் சுத்தம் செய்யும் நிலையைத் தேர்ந்து, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் ஊதியால் கீழிருந்து ஊதுங்கள். ஊதியின் மூக்கு உள்ளே நுழைய வேண்டாம். வாயால் ஊதினால் எச்சில் துளி போகும். டப்பாவில் அடைத்த காற்று இன்னும் மோசம். அதிலுள்ள உந்துவாயு திரவமாகப் பீய்ச்சிக் கறையாக உறைந்துவிடும். ஊதியும் போகாத தூசிக்கு ஈரத் துடைப்பான்கள் இருக்கின்றன. முதல்முறை கை நடுங்குபவர்கள் அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடலாம்.

சிவப்பு, நீலம், பச்சை என்று ஊசிமுனை போலக் கூர்மையாகப் புள்ளிகள் தெரிந்தால் அவை தூசியல்ல, சூடேறிய பிக்சல்கள். நீண்ட நேரப் படங்களில் எல்லாக் கேமராவிலும் சில வரும். மெனுவில் பிக்சல் சீரமைப்பு இருந்தால் ஒருமுறை ஓட்டுங்கள்.

கறைபோல இல்லாமல் சிலந்தி வலைபோல நூல்நூலாக லென்ஸுக்குள் ஏதாவது தெரிந்தால், அது பூஞ்சை. டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்து முன்னாலிருந்து பார்த்தால் அப்பட்டமாகத் தெரியும். உள்ளே வளர்ந்ததை வெளியிலிருந்து துடைக்க வழியில்லை. அந்த லென்ஸை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காமல் பிரித்துவிடுங்கள். நல்ல லென்ஸ்களைக் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன், ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்குமாறு வையுங்கள்.

ஃபிளாஷ் எரியவில்லை

ஃபிளாஷ் அணைக்கப்பட்ட நிலையில் இருக்கலாம், பேட்டரி தாழ்ந்திருக்கலாம், தொடர்ந்து பல முறை அடித்ததால் சூடாகி ஓய்வெடுத்துக்கொண்டிருக்கலாம். தனி ஃபிளாஷ் என்றால் காலடி முனைகளைத் துடைத்து, இறுதிவரை தள்ளிப் பூட்டுங்கள். வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான்.

இதற்கு மேல் திருகைத் தொடாதீர்கள். ஃபிளாஷ் உள்ள எந்தக் கேமராவிலும், உங்கள் பழுது ஃபிளாஷில் இல்லாவிட்டாலும், உள்ளே சுண்டுவிரல் பருமனில் ஒரு மின்தேக்கி இருக்கிறது. அது ஏறக்குறைய 300 வோல்ட் வரை சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றினாலும் அந்தச் சார்ஜ் உடனே இறங்காது, நாள்கணக்கில் தங்கலாம். கேமரா செத்துப்போனது என்று நினைத்து உறையைத் திறந்தவர்களின் விரலில் அது இறங்கும். பல சிறிய கேமராக்களில் அந்தத் தேக்கியின் முனைகள் திறந்தபடி, உறையின் ஓரத்திலேயே இருக்கும். "திருகு ஆறுதானே" என்று கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே பதில் இது.

தண்ணீர் பட்டுவிட்டது

அணையுங்கள், பேட்டரியை எடுங்கள், கார்டை எடுங்கள். ஓடுகிறதா என்று ஆன் செய்து பார்க்கும் ஆசைதான் பெரும்பாலான கேமராக்களைக் கொல்கிறது. தண்ணீருக்கு அவ்வளவு வேகம் கிடையாது. கதவுகளை எல்லாம் திறந்து, சிலிக்கா ஜெல் உள்ள மூடிய பெட்டியில் சில நாள்கள் விடுங்கள். அரிசியில் புதைப்பதால் மாவும் தூசியும்தான் உள்ளே போகும். ஹேர் டிரையரின் சூட்டுக் காற்று பசையையும் பிளாஸ்டிக்கையும் இளக்கும். கடல் நீர் என்றால் நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். நீர் காய்ந்தாலும் உப்பு தங்கி அரிக்கத் தொடங்கும்.

குளிர்ந்த அறையிலிருந்து புழுக்கமான வெளிக்கு வந்ததும் லென்ஸ் வியர்ப்பது பழுது அல்ல. வெளியே வருவதற்கு முன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, வெளி வெப்பத்துக்கு அது பழகிய பிறகு திறந்தால் துளி பையின் மேல் படியும்.

சில்லறைத் தொல்லைகள்

ஒவ்வொரு முறையும் தேதி கேட்கிறதா? கடிகாரத்துக்கென்று உள்ளே இருக்கும் சிறிய பேட்டரி இறங்கிவிட்டது. சில மாடல்களில் அது மாற்றக்கூடிய பொத்தான் செல், பேட்டரி அறையிலேயே ஒரு தட்டில் இருக்கும். மற்றவற்றில் முழு சார்ஜ் உள்ள முக்கியப் பேட்டரியைப் போட்டு ஓரிரு நாள் விட்டால் தானே ஏறிக்கொள்ளும்.

கணினி கேமராவை அறியவில்லையா? கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய உலவுகின்றன; அவற்றில் தகவல் போகும் கம்பியே கிடையாது. கார்டு ரீடர் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஷட்டரை அழுத்திப் பத்து நொடி கழித்துப் படம் விழுகிறதா? டைமர்.

பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது

"வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். எப்போது தொடங்கியது, விழுந்ததா, நனைந்ததா, எந்த வேகத்தில், எந்த லென்ஸில் வருகிறது, எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். கோளாறு தெரியும் படம் ஒன்றைத் திருத்தாமல் அப்படியே சேர்த்துக் கொடுங்கள். விழுந்ததை மறைப்பதில் லாபமில்லை. உறையைத் திறந்ததும் அவருக்குத் தெரிந்துவிடும். உங்கள் கார்டையும் தோள்பட்டியையும் எடுத்து வீட்டில் வைத்துவிட்டு, உடலின் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். பேட்டரியை மட்டும் உடன் கொடுங்கள். சில நேரம் கோளாறு அந்தப் பேட்டரியில்தான் இருக்கும். அதை வீட்டில் விட்டுவிட்டுப் போனால், அவருடைய பேட்டரியில் கேமரா அழகாக ஓடும்.